துண்டுக்குள்ளே மூன்றாவது செட்

பேச்சாயி காலி எவர்சில்வர் குடத்தைத் தங்கமுத்துவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நின்றபடிக்கே கையை விட்டாள். குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, கட்டில் காலில் முட்டி, திரும்பி வந்து பீரோவில் மோதி அடங்குவதற்குள் அகரம் கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் அத்தனையும் எழுந்து ஊர்க்கூட்டம் போட்டுவிட்டன. தங்கமுத்து மட்டும் அசையவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு இரண்டும் முருங்கைக்காய் மாதிரிப் புடைத்து நிற்க, வாயைத் திறக்காமல் இருந்தார். செத்த நேரம் கழித்து ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, "தேறிட்டேனா?" என்றார். குடத்துக்கு அழாத பக்கத்து வீட்டுக் குழந்தை அதற்கு அழுதது.

"இது மெல்லக் கேட்டதுங்களா?" என்றாள் பேச்சாயி.

"மெல்லத்தான புள்ள கேட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் மெல்ல. தங்கமுத்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். அவர் தக்காளிக்கு விலை கூவினால் பாலக்காட்டில் ரசத்துக்குப் புளி கரைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பேச்சு. கமிஷன் கடைக்காரர் ஒருவர் ஆசையாக மைக் வாங்கிக் கொடுத்தார். தங்கமுத்து அதை வாயருகே கொண்டுபோய் "வெண்டை" என்று ஒரு வார்த்தை சொன்னதும் மைக்குக்குக் காது போய்விட்டது, கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியில் போட்டார். கேரளா லாரி டிரைவர்கள் ஏலம் முடிந்ததா என்று மார்க்கெட்டுக்குள் வந்து எட்டிப் பார்ப்பதே கிடையாது. பைபாஸில் டீயை ஆற்றிக்கொண்டே, கத்திரிக்காய் போயிற்று, அடுத்து பீட்ரூட் என்று தெரிந்துகொள்வார்கள்.

பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசிவிடுவதால் வீட்டில் பேச்சாயிக்கு மிச்சம் விழுவது ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான். அதிலும் பாதி "சரிங்க". கல்யாணமாகி வந்த புதிதில் அகரத்துப் பெண்கள், தங்கமுத்து ஊமைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று இரக்கப்பட்டு, குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனமெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் இன்றைக்குக் குடத்தைத் தூக்கிப் போட்டுப் புருஷனுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் அவர்களுடைய ஒரே மகள் தமிழ்மதி.

தமிழ்மதி சென்னையில் பி.காம். இரண்டாம் வருஷம். படிப்பு எப்படி என்று கேட்டால் தங்கமுத்து பேச்சை மாற்றிவிடுவார்; டென்னிஸ் எப்படி என்று கேட்டால் கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. டென்னிஸுக்காகத்தான் அந்தக் கல்லூரியே அவளைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது. கோடை விடுமுறை விட்டதும் மற்ற பிள்ளைகள் கொடைக்கானலுக்குப் போய்ப் படகில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். டென்னிஸ் ஆடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கோ விடுமுறையில்தான் உண்மையான பரீட்சை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஆடும் பெண்கள் வருகிற பெரிய போட்டிகளுக்குப் பேர் கொடுத்துவிட்டு, தங்கள் உயரத்துக்கு ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராய்க் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் முதல் நாளே தோற்று, இரண்டாம் நாள் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள். ஆனாலும் போவார்கள்.

தங்கமுத்து டென்னிஸைக் கற்றுக்கொண்டது கல்லூரி ஆட்டத்தில். அதுதான் வந்த வினை. கல்லூரிகளுக்குள் ஆடும்போது கத்தலாம், கத்த வேண்டும். அணிப் பிள்ளைகள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள், எதிரணி அதற்கு மேலே கத்தும். தங்கமுத்து முதல் தடவை போய் அதைப் பார்த்தபோது, காணாமல் போன தன் சொந்த ஊரைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். வாயைத் திறந்தார். அடுத்த மைதானத்தில் கிரிக்கெட் நின்றுபோயிற்று. எதிரணிப் பெண் பயத்தில் இரண்டு பந்தை வரிசையாக வலைக்குள் அடித்தாள். அன்றிலிருந்து அவர் அந்த அணிக்கு 'ஏல அங்கிள்'. அவர் வராத ஆட்டத்துக்கு அவர் குரலை போனில் பதிவு செய்து போட்டுக்கொண்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறொன்று. இரண்டு பேரும் நாற்பதுக்கு நாற்பது என்று சமமாக வந்துவிட்டால், அடுத்து ஒரே ஒரு பந்து. யார் அதை எடுக்கிறார்களோ அவர்களுக்கு அந்த கேம். இழுபறி கிடையாது. "அப்படித்தான இருக்கணும்," என்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் விளக்கினார். "கடைசிக் கேள்வி ஒண்ணு. கேட்டவனுக்கு மூடை. கேக்காதவன் வீட்டுக்குப் போயி மோர் குடி."

பெரிய போட்டிகளில் இந்த இரண்டுமே கிடையாது என்பது போன வருஷம் கோயம்புத்தூரில்தான் தெரிந்தது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்க்கிறவர்கள் மூச்சு விடுவதையே கொஞ்சம் யோசித்துத்தான் விட வேண்டும். தமிழ்மதி இரண்டாவது செர்வ் போடப் பந்தை மேலே எறிந்து கையை ஓங்கிய நொடியில், "எறக்கு பாப்பா" என்று ஒரு சத்தம் எழுந்தது. பந்தும் போகவில்லை, புள்ளியும் வரவில்லை. மட்டை கையை விட்டுப் பறந்து போய் நடுவர் நாற்காலிக்கு அடியில் விழுந்தது. அதோடு ஆட்டமும் போயிற்று. தங்கமுத்துவை வெளியே போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தமிழ்மதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தாராபுரத்தில் பஸ் நின்றபோது, "அப்பா, இனிமே பெரிய போட்டிக்கு நீங்க வர வேணாம்ப்பா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் போகவில்லை. போனில் கேட்டுக்கொள்வார். இந்தக் கோடையில்தான் விதி வந்து வாசலில் நின்றது. வத்தலகுண்டு ரோட்டில், சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே புதிதாக வந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் ஆறு கோர்ட் போட்டு, ஒரு பெரிய போட்டியையே அங்கே கொண்டுவந்துவிட்டது. ஜப்பான்காரி, ருஷ்யாக்காரி, இந்தோனேஷியாக்காரி எல்லாம் சேவுகம்பட்டி பஸ் ஸ்டாப்பில் இளநீர் குடிக்கிற காட்சியைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்தே ஆள் போயிற்று. தமிழ்மதி மற்ற ஆட்டக்காரர்களோடு அங்கேயே தங்கி, தகுதிச் சுற்றில் வரிசையாக ஜெயித்தாள். அந்த நாட்களில் ஒட்டன்சத்திரத்தில் தங்கமுத்துவின் ஏலம் கேட்கச் சகிக்கவில்லை. இங்கே தக்காளிக் கூடைக்கு முன்னால் நிற்கிறார், மனசு சேவுகம்பட்டியில் நிற்கிறது. கத்திரிக்காயைப் புடலங்காய் என்று கூவி விற்றார். வாங்கியவனும் பழக்கதோஷத்தில் புடலங்காய் என்றே ஏற்றிக்கொண்டு போனான்.

நாளைக்கு முதல் சுற்று. அதில் ஜெயித்தால் உலகத் தரவரிசைக் கணக்கில் தமிழ்மதியின் பேருக்கு முதல் புள்ளி விழும். ஒன்றே ஒன்று. ஆனால் அகரத்திலிருந்து அந்தக் கணக்கில் அதுவரைக்கும் யாரும் அரைப் புள்ளி கூட வாங்கியதில்லை. தங்கமுத்து சாப்பிடாமல் எழுந்துபோய் வாசலில் நின்றார். பேச்சாயி அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"பாப்பா, நாளைக்கு அப்பாவைக் கூட்டியாறேன்."

"வேணாம்மா. போன வருஷம் ராக்கெட் பறந்தது போதும்."

"நான் பொறுப்பு."

அம்மா இதுவரை எதற்கும் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி தமிழ்மதி கேட்டதில்லை.

"ஒரு சத்தம் வந்துச்சுன்னா நான் ராக்கெட்டை அங்கேயே வச்சுட்டுப் போயிருவேன்மா. அப்புறம் ஆடவே மாட்டேன். அப்பாகிட்ட சொல்லிருங்க."

"வராது," என்றாள் பேச்சாயி. அன்றைய வார்த்தைகளையும் மறுநாள் வார்த்தைகளையும் சேர்த்துச் செலவழித்துவிட்டு போனை வைத்தாள்.

குடம் போட்டுப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். குடத்தில் தேறினாலும் ஆட்டத்தில் தேறமாட்டார் என்பது பேச்சாயிக்குத் தெரியும். அதற்கு அவள் வைத்திருந்த மருந்து அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மாட்டுத் தரகர். ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுக்கு விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவன் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் விலை, விட்டால் மறுப்பு. சுற்றி ஊரே நின்று பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையக்கூடாது. ஒத்துப்போன பிறகுதான் தரகர் துண்டைச் சுழற்றி உதறி, "முடிஞ்சுபோச்சு" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அதுவரை பிடித்துவைத்த அத்தனையும் அந்த ஒரு சத்தத்தில் வரும். மாடுகள் கயிற்றை அறுக்கும். சின்னப் பிள்ளையில் பேச்சாயி அந்தச் சந்தைகளில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"நம்ம பாப்பாவுக்குப் புள்ளின்னா என் சுட்டுவெரலைப் பிடிங்க. அந்தப் புள்ளைக்குன்னா சுண்டுவெரல். தாங்க முடியலைன்னா மொத்தக் கையும். வாயி மட்டும் வேணாங்க."

தங்கமுத்து சந்தேகமாகத் தன் கையைப் பார்த்தார். மூடை தூக்கிப் பழகிய கை. பிறகு அவள் கையைப் பார்த்தார். "ஒடிஞ்சுபோச்சுன்னா?"

"ரெண்டு கை இருக்குதுங்களே," என்றாள்.

காலையில் அவர்கள் போய்ச் சேரும்போதே வெயில் வேலையை ஆரம்பித்திருந்தது. கோர்ட்டைச் சுற்றிப் பச்சை வலை, அதற்குப் பின்னால் தென்னை. பார்வையாளர்களுக்கு ஒரு பக்கம் நீளமாக மூன்று சிமெண்டுப் படி, மேலே தகரக் கொட்டகை. தமிழ்மதியோடு கல்லூரி அணியில் ஆடும் ஃபர்ஹீன் ஓடிவந்து இடம் பிடித்துக் கொடுத்தாள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பெண், அவளும் இந்தப் போட்டியில் ஆடி, தகுதிச் சுற்றிலேயே தோற்று, அதற்காகத் துளியும் வருத்தப்படாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், பேசணும்னா இப்பவே பேசிருங்க. அம்பயர் ஏறி உக்காந்தா முடிஞ்சுது."

"எதிர்ல யாரும்மா?"

"தாய்லாந்துப் பொண்ணு. எங்களை மாதிரிதான், காலேஜ். அமெரிக்காவுல படிக்கிறா. லீவுக்கு ஆட வந்திருக்கா."

"அம்புட்டுத் தூரம் போயிப் படிச்சுப்புட்டு லீவுக்குச் சேவுகம்பட்டியா?" என்றார் தங்கமுத்து. அந்தப் பெண் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து, தன்னைத்தான் வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கும்பிட்டாள். முருங்கைக்காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தாள். தங்கமுத்துவுக்கு உடனே அவள்மேலும் பிரியம் வந்துவிட்டது. வந்த இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று கவலைப்பட்டார்.

"இன்னொண்ணு அங்கிள். காலேஜ் மாதிரி நாப்பதுக்கு நாப்பதுல ஒரே பந்துல முடியாது. இங்க ரெண்டு பாயிண்டு சேந்தாப்புல எடுக்கணும். ஒண்ணு எடுத்து அடுத்தது விட்டா திரும்ப முதல்லேர்ந்து."

"அது என்ன கூத்து. பொழுது சாயிற வரைக்கும் இழுக்குமே."

"இழுக்கும். எங்களுக்கே பழக மாட்டேங்குது. வருஷம் பூரா அங்க அப்படி ஆடிட்டு லீவுல இங்க வந்தா, ஒரு பந்து எடுத்ததுமே கேம் முடிஞ்சுதுன்னு காலு தானா நடந்துருது." ஃபர்ஹீன் ஒரு கடலையை உடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லவா அங்கிள், நீங்க கத்துற மேட்ச்லதான் அவ சிரிச்சுக்கிட்டே ஆடுவா. இங்க பரீட்சை ஹால் மாதிரி ஆடுறா. ஆனா என்ன பண்றது," என்றாள்.

நடுவர் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தங்கமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். பேச்சாயி தன் இடது கையை அதற்குள் வைத்தாள். அவர்கள் ஊர் பார்க்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவர்கள் கல்யாணத்தன்று பெரியவர்கள் பிடித்துக்கொடுத்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அன்றைக்கும் கூட்டம் இருந்தது. இந்த அளவுக்கு வேர்க்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்ததும் அப்படியொரு அமைதி இறங்கியது. அடுத்த தோப்பில் அணில் இளநீர்க் குரும்பையைக் கடிக்கிற சத்தம் கேட்டது. தமிழ்மதி வாயை இறுக்கிக்கொண்டு, தோளைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் விடைத்தாள் திருத்தப்போகிறவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி அடித்தாள். சுண்டுவிரல், சுண்டுவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல். தங்கமுத்துவின் முகம் சந்தையில் நிற்கிற கல் மாதிரி இருந்தது. உள்ளே துண்டுக்கடியில் பேச்சாயியின் சுண்டுவிரல் பிழியப்பட்டது. ஒரு தடவை நாற்பதுக்கு நாற்பதில் தமிழ்மதி ஒரு புள்ளி எடுத்துவிட்டு, கேம் முடிந்த நினைப்பில் தன் நாற்காலியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நடுவர் கூப்பிட்டுத் திரும்ப அனுப்பினார். அவமானத்தில் அடுத்த இரண்டு புள்ளியையும் விட்டாள். முதல் செட் போயிற்று. இடைவேளையில் தாய்லாந்துப் பெண் ஒரு சிறுமலை வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, ஆச்சரியத்தோடு தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு கவலையிலும் தங்கமுத்துவுக்கு அது பெருமையாக இருந்தது. பேச்சாயியின் மொத்தக் கையையும் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார்.

இரண்டாவது செட்டில் வெயில் தமிழ்மதி கட்சியில் சேர்ந்துகொண்டது. வைகாசி வெயிலில் தார் உருகுகிற ரோட்டில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவளுக்கும், குளிரூட்டிய அறையில் படிக்கிறவளுக்கும் வித்தியாசம் தெரியத்தானே செய்யும். பந்து ஒரு முழம் உள்ளே விழுந்தது. சுட்டுவிரல், சுட்டுவிரல். நல்ல அடி ஒன்று விழும்போது தங்கமுத்துவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்கு வந்து கதவைத் தட்டும். அவர் அதை மென்று விழுங்குவார். விழுங்கிய சத்தம் தோள்வழியாகக் கையில் இறங்கி, துண்டுக்குள் போய் முடியும். பேச்சாயி கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்கவேயில்லை. ஒரு தடவை மட்டும், அவரைப் பார்க்காமலேயே, அவளும் திரும்ப அழுத்தினாள். தங்கமுத்து திடுக்கிட்டுப் போனார். இத்தனை வருஷமாகத் தான் மட்டுமே ஏலம் விட்டுக்கொண்டிருந்த மார்க்கெட்டில் யாரோ முதன்முதலாக ஒரு விலை கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கத்த வேண்டுமென்றே தோன்றவில்லை. துண்டுக்குள் பேசுவதற்கு நிறைய இருந்தது. அந்த செட் தமிழ்மதிக்கு.

மூன்றாவது செட்டை முழுதாகச் சொல்லப்போனால் அது ஒரு கோடைகாலம் நீளும். இரண்டு பெண்களும் நடக்கவில்லை, நகர்ந்தார்கள். பந்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் கனத்தது. ஐந்துக்கு நான்கு என்று தமிழ்மதி முன்னால் வந்து, செர்வும் அவள் கைக்கு வந்தது. இந்த ஒரு கேமை எடுத்தால் போதும். நாற்பதுக்கு முப்பது வரைக்கும் வந்து, கைக்கு எட்டியதை வலைக்குள் அடித்தாள். நாற்பதுக்கு நாற்பது. ஃபர்ஹீன் கடலையை மறந்துவிட்டாள். துண்டுக்குள் விரல் கணக்கெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. இரண்டு கையும் ஒரே கையாக இருந்தது, எது யாருடையது என்று இருவருக்கும் தெரியாது.

அடுத்த பந்து ஓயவே மாட்டேன் என்றது. அந்த மூலைக்குப் போயிற்று, இந்த மூலைக்கு வந்தது, தாய்லாந்துப் பெண் விழுந்து எழுந்து அடித்தாள், தமிழ்மதி வலைக்கருகே போய்விட்டுப் பின்னாலேயே ஓடிவந்து முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தாள். அதற்குள் தோப்பில் ஒரு தென்னை இன்னொரு குலை தள்ளியிருக்கும். கடைசியில் தமிழ்மதி கோட்டை ஒட்டி நேராக ஒரு அடி அடித்தாள். பந்து கோட்டின்மேல் பட்டுத் தூசி கிளப்பிக்கொண்டு போனது. தாய்லாந்துப் பெண் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தாள். கல்லூரி ஆட்டத்தில் கோட்டுக்கு நடுவர் கிடையாது. உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுகிறவர்களே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவளே உள்ளே என்று தலையை ஆட்டினாள். அதே பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வலையைப் பார்த்து நடந்தாள். வண்டிக்காரன் தூங்கிவிட்டால் மாடு பழகிய பாதையில்தான் போகும். தமிழ்மதியும் நடந்தாள். இரண்டு பேரும் வலைக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தாய்லாந்துப் பெண் தமிழ்மதியின் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"முடிஞ்சுபோச்சு."

அந்தச் சத்தம் எழுந்தபோது தென்னையிலிருந்த கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. வத்தலகுண்டு ரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டது. நடுவரின் நாற்காலி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. துண்டு ஒன்று கொட்டகைக்குக் கீழே சுழன்று மேலே போய், விரிந்து, மெதுவாக இறங்கி வந்து தங்கமுத்துவின் தலையில் விழுந்தது. அவர் அதை விலக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். பேச்சாயி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. வாய் இன்னும் திறந்திருந்தது.

நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி, "அட்வான்டேஜ், தமிழ்மதி," என்றார்.

முடியவில்லை. இன்னும் ஒரு புள்ளி வேண்டும். வலைக்கு இரண்டு பக்கமும் கையைப் பிடித்தபடி நின்ற பெண்கள் நடுவரை நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. படிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் தங்கமுத்துவைப் பார்த்துத் திரும்பியது. போன வருஷத்துக் கதை தெரியாதவர் யார் இருக்கிறார்கள். நடுவரும் அவரைத்தான் பார்த்தார். அதற்குள் பேச்சாயி உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகம் வெளுத்து, பிழிந்துபோன கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வராது என்று பொறுப்பேற்றவள் அவள். ராக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன், அப்புறம் ஆடவே மாட்டேன் என்று மகள் சொன்னதும் அவளிடம்தான்.

தங்கமுத்து எழுந்தார். "நான்தான் சார். தெரியாம வந்துருச்சு," என்றார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சின்னக் குரலில் பேசியதில்லை. முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. ஃபர்ஹீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்து, படியிறங்கி, கோர்ட்டின் பின்பக்கமாக வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மண் கொதித்தது. போன வருஷமும் இப்படித்தான் நடந்தார். அன்றைக்குக் கனத்தது. இன்றைக்கு, என்ன அநியாயம், நெஞ்சுக்குள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாள். இப்படியொரு குரல் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மார்க்கெட் ஏலத்தையே ரெண்டாகப் பிரித்து நடத்தியிருக்கலாமே.

தமிழ்மதி செர்வ் போடும் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தாள். பந்தைத் தரையில் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடியும் தட்டினாள். அப்பாவின் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். அது எங்கே கிளம்பும், எங்கே பிசிறும் என்று தெரியும். இது அதில்லை. அவள் நிமிர்ந்து படிகளைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு, பெஞ்சுமேல் ஏற்றிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையில் துண்டோடு, கையில் செருப்போடு, கொதிக்கிற மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்துத் தத்தித் தத்திப் போகும் அப்பாவைப் பார்த்தாள்.

முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே ஃபர்ஹீன் நினைத்தாள். அந்த வாரத்தில் அந்த மைதானத்தில் தமிழ்மதி சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் உடனே அடையாளம் தெரியவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துப் பெண்ணும், எதற்கென்று தெரியாமலே, மட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா," என்றாள் தமிழ்மதி. "அங்க நடந்தா எனக்குப் பந்து தெரியாது. உக்காருங்க."

தங்கமுத்து நின்றார். வாசலுக்கு நாலு எட்டு இருந்தது. திரும்பிப் போய்ப் பேச்சாயி பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் கோர்ட்டின் நீளம் முழுக்க நடக்க வேண்டும். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கமுத்து நின்ற இடத்திலேயே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையில் உட்கார்ந்தார். தக்காளிக் கூடை. அது அவருக்குப் பழகிய ஆசனம்தான்.

தூரத்தில் கொட்டகை நிழலில் பேச்சாயி தெரிந்தாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். பீட்ரூட் நிறத்துக்குச் சிவந்துபோன அந்த இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் இருந்த பக்கமே பார்த்தாள். தங்கமுத்து தலையிலிருந்த துண்டை எடுத்துத் தன் மடியில் விரித்தார். உள்ளே தன் வலது கையால் தன் இடது கையின் சுட்டுவிரலைத் தேடினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தமிழ்மதியின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவள் பந்தை மேலே எறிந்தாள். அது தென்னைகளுக்கு மேலே, கிளம்பிப் போன கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்த வெள்ளை வெயிலுக்குள் ஏறியது. தங்கமுத்துவின் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயில் சத்தம் ஏதுமில்லை.